கேனான் 1500டி: விஸ்காம் மாணவிக்குச் சரிப்படுமா? நிறை குறை சொல்லுங்கள்

காவிரிக்கரை

வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முதலாண்டு படிக்கிறேன். அடுத்த செமஸ்டரில் போட்டோகிராபி செய்முறை இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் சொந்தமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் துறையில் இருக்கும் கேமராவை முறை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் கேனான் 1500டி விற்கிறார். கூடவே 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ், ஒரு பேட்டரி, பை. அதிகம் பயன்படுத்தவில்லையாம்.

யூடியூபில் பாதிப் பேர் "ஆரம்பநிலைக்கு இதுதான் ராஜா" என்கிறார்கள். மீதிப் பேர் "காசை ஆற்றில் போடாதே" என்கிறார்கள். நான் இதுவரை ஃபோனில் மட்டுமே எடுத்திருக்கிறேன். அவர் வீட்டில் கேமராவைக் கொஞ்ச நேரம் கையில் கொடுத்தார். திரையைப் பார்த்து எடுத்தேன். ஃபோகஸ் ஆவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முன்னும் பின்னும் அலைகிறது, கர்ர் கர்ர் என்று சத்தம் வேறு. இது பழுதா, இல்லை இதுதான் இயல்பா? வாங்கலாமா?

கல்யாண_கேமரா

பழுது இல்லை தங்கச்சி. கண்ணை வியூஃபைண்டரில் (திரைக்கு மேலே இருக்கும் பார்க்கும் துளை) வைத்து எடுத்துப் பார்த்தீர்களா? அடுத்த முறை போனால் முதலில் அதைச் செய்யுங்கள்.

நிக்கான்_கட்சி

அதே காசுக்கு நிக்கான் டி3500 தேடுங்கள். நொடிக்கு 5 படம், 11 ஃபோகஸ் புள்ளிகள், பேட்டரி ஒரு சார்ஜில் 1,550 படம். 1500டி-யில் நொடிக்கு 3 படம், 9 புள்ளிகள், 500 படம். கணக்கு முடிந்தது.

பழைய_ஃபிலிம்காரன்

கட்சிக்காரர் வந்துவிட்டார். சரி, அவருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தக் கர்ர் சத்தத்தைப் பார்ப்போம். இந்தக் கேமராவின் நல்லது கெட்டது இரண்டும் அதற்குள்தான் இருக்கிறது.

லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் உள்ளே ஒரு சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே வியூஃபைண்டருக்குப் போகிறது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு கண்ணாடி உண்டு. அது கொஞ்சம் வெளிச்சத்தைக் கீழே, கேமராவின் அடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். ஃபோகஸ் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்பது அந்தச் சென்சாருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். லென்ஸ் நேராக அந்த இடத்துக்குப் போய் நிற்கும்.

திரையைப் போட்டதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது. அடியில் இருக்கும் சென்சாருக்கு இனி வெளிச்சமே கிடையாது. படம் பதிவாகும் பெரிய சென்சாரிலேயே, எந்த இடத்தில் படம் துலக்கமாகிறது என்று பார்த்துப் பார்த்து ஃபோகஸைத் தேட வேண்டியதுதான். கொஞ்சம் முன்னே போகும், துலக்கம் குறைந்தால் திரும்பி வரும், மறுபடி தாண்டிப் போகும். 18-55 ஐஎஸ் 2 லென்ஸில் இருப்பது பழைய பாணி மோட்டார். அதனால்தான் அந்தச் சத்தம்.

பெரிய சென்சாரிலேயே வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் டூயல் பிக்சல் முறையை கேனான் 2013-லேயே 70டி-யில் கொண்டுவந்துவிட்டது. 1500டி வந்தது 2018-இல். ஆனாலும் இதில் அதை வைக்கவில்லை. உள்ளே இருக்கும் டிஜிக் 4+ செயலியும் 2008-இல் வந்த டிஜிக் 4-இன் வழிவந்ததுதான். விலையைக் குறைக்க எங்கே கை வைத்தார்கள் என்று தெரிகிறதல்லவா?

ஆக, வியூஃபைண்டரில் கண் வைத்து எடுப்பவருக்கு இது நல்ல கேமரா. ஃபோனைப் போலக் கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பவருக்கு இது கோபம் வரவைக்கும் கேமரா. யூடியூபில் நீங்கள் கேட்ட இரண்டு கூட்டமும் அவரவர் வரையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு கூட்டம் கண் வைத்து எடுக்கிறது, மற்றது திரையில் எடுக்கிறது, அவ்வளவுதான்.

காவிரிக்கரை

இப்போது புரிகிறது சார். ஆனால் வியூஃபைண்டரில் பார்த்தபோது சின்னதாக, கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. அதுவும் இயல்புதானா?

பழைய_ஃபிலிம்காரன்

இயல்புதான். விலை உயர்ந்த கேமராக்களில் மேலே ஒரே கட்டியாகக் கண்ணாடிப் பட்டகம் இருக்கும். இதில் அதற்குப் பதில் முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகளைக் கூண்டு மாதிரி சேர்த்து வைத்திருக்கிறார்கள். எடை குறையும், விலை குறையும், வெளிச்சமும் கொஞ்சம் குறையும். இன்னொன்று, வியூஃபைண்டரில் தெரிவது படத்தின் 95 சதவீதம்தான். ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு குப்பைத்தொட்டி படத்தில் வந்து நிற்கும். வெட்டிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை.

குறும்படக்காரன்

எல்லோரும் போட்டோவைப் பற்றியே பேசுகிறீர்கள். விஸ்காம் என்றால் குறும்படம் இல்லாமலா? அங்கேதான் 1500டி காலை வாரும். வீடியோ முழுக்கத் திரையில்தான் எடுக்க வேண்டும், கண்ணாடி மேலேதான் இருக்கும். நடந்து வரும் ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்யும் வேலையே இதற்குத் தெரியாது. வெளி மைக் குத்த ஓட்டை இல்லை. உள்ளே இருக்கும் மைக் மோனோ, லென்ஸ் மோட்டார் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும். 4கே இல்லை. 1080-இல் 25 அல்லது 30 ஃபிரேம், 50 வேண்டுமென்றால் 720-க்கு இறங்க வேண்டும். திரை மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது.

வீடியோ முக்கியம் என்றால் பழைய 200டி தேடுங்கள். 2017-இல் வந்தது. டூயல் பிக்சல் உண்டு, மைக் ஓட்டை உண்டு, திரை திரும்பும், தொடலாம். எடையும் 1500டி-யை விடக் கொஞ்சம் குறைவு.

கல்யாண_கேமரா

தம்பி சொல்வது சரி. ஆனால் கையில் ஃபோகஸ் இழுத்து எடுக்கத் தெரிந்தால் 1500டி-யிலும் குறும்படம் எடுக்கலாம். வீடியோவில் மேனுவல் எக்ஸ்போஷர் இருக்கிறது. 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, ட்ரைபாட். நடிப்பவர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸ் கோடு. ஒலியைத் தனியாக ஃபோனில் காலர் மைக் வைத்து எடுத்து, ஷாட் ஆரம்பத்தில் ஒரு கைத்தட்டல். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். முதலாண்டில் இதைக் கற்றுக்கொள்வது நல்லதும்கூட.

குறும்படக்காரன்

அண்ணே, சாக்பீஸ் கோட்டில் நிற்கும் நடிகர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். எனக்குக் கிடைப்பவர்கள் என் ரூம்மேட்கள்.

நிக்கான்_கட்சி

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

பழைய_ஃபிலிம்காரன்

வந்தேன் ஐயா. டி3500-க்கு நீங்கள் சொன்ன எண்கள் எல்லாம் சரி. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் நானே சொல்கிறேன்: ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) நிழல் பகுதியை மேலே தூக்கினால், அதாவது வெளிச்சமாக்கினால், டி3500 சுத்தமாக வரும். 1500டி-யில் அதே அளவு தூக்கினால் நிறப் புள்ளிகளும் கோடுகளும் தலைகாட்டும். ஜன்னலுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்கும்.

இப்போது மறுபக்கம். நிக்கானின் இந்த வரிசை பாடிகளில் (லென்ஸ் இல்லாத கேமரா) ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 50 எம்எம் எஃப் 1.8டி மாதிரி பழைய லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3500-இல் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எந்த லென்ஸில் மோட்டார் இருக்கிறது என்று பெயரைப் படித்துப் படித்து வாங்க வேண்டும். கேனானில் 1987-இல் இஎஃப் மவுன்ட் வந்த நாளிலிருந்து கேனான் இஎஃப் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒவ்வொன்றிலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. முப்பது வருடப் பழைய லென்ஸை மாட்டினாலும் ஃபோகஸ் ஆகும். மாணவிக்கு இது பெரிய வசதி. லென்ஸை இரவல் வாங்கித்தானே பாதிக் காலம் ஓடும்?

இன்னும் இரண்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மூன்று படம் தானாக எடுக்கும் பிராக்கெட்டிங் 1500டி-யில் உண்டு, டி3500-இல் இல்லை. 1500டி-யில் வைஃபை உண்டு. டி3500-இல் புளூடூத் மட்டும்தான், படங்கள் ஃபோனுக்கு ஊர்ந்து வரும். 2022-லேயே அந்த வரிசையின் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள்.

நிக்கான்_கட்சி

லென்ஸ் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நிழலை ஒப்புக்கொண்டீர்களே, அது போதும் எனக்கு.

கூழைக்கடா

பறவைக்காரன் பார்வையில் இரண்டு வார்த்தை. அந்த 55-250 லென்ஸை யாருமே கண்டுகொள்ளவில்லை! 1500டி-யின் சென்சார் 22.3 x 14.9 எம்எம். ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட்டால் 1.6 மடங்கு. அதாவது 250 எம்எம் என்பது 400 எம்எம் பார்வை தரும். வேடந்தாங்கலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை எல்லாம் இதில் தாராளமாக அடங்கும்.

பறக்கும் பறவைக்கு? அங்கேதான் 9 புள்ளிகளின் உண்மை தெரியும். நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப், அதாவது குறுக்குக் கோடு நெடுக்குக் கோடு இரண்டையும் பிடிக்கும். மற்ற எட்டும் ஒரு திசைக் கோட்டைத்தான் சரியாகப் பிடிக்கும். வெளிச்சம் மங்கினால் அந்த எட்டையும் நம்பாதீர்கள். நடுப்புள்ளியை மட்டும் வைத்து, ஏஐ சர்வோ (நகரும் பொருளைத் தொடரும் ஃபோகஸ்) போட்டு, ஷட்டர் 1/1000-க்கு மேல். பறவை நடுவிலேயே இருக்க வேண்டும், அழகான கம்போசிஷனை அப்புறம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். 24 மெகாபிக்சல் எதற்கு இருக்கிறது?

நொடிக்கு 3 படம் என்பது குறைதான். மீன்கொத்தி தண்ணீரில் விழுவதும் எழுவதும் அந்த மூன்றுக்கும் இடையில் முடிந்துவிடும். அதிலும் ரா-வில் தொடர்ந்து அழுத்தினால் பத்துப் பன்னிரண்டு படத்தில் மூச்சு வாங்கும். ஜேபெக்கில் அந்தத் தொல்லை இல்லை.

காவிரிக்கரை

அந்த நடுப்புள்ளி விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாப் புள்ளியும் ஒன்றுதான் என்று நினைத்தேன். கோயிலுக்குள் எடுத்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஊரைச் சுற்றிக் கோயில்கள்தான். முதல் அசைன்மென்ட் அங்கேதான் செய்வதாக இருக்கிறேன்.

பழைய_ஃபிலிம்காரன்

கோயிலுக்குள் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். பல கோயில்களில் உள்ளே கேமராவே கூடாது. வெளிப் பிராகாரத்தில் விடுவார்கள், அங்கே பகலில் எந்தக் கேமராவும் நன்றாக எடுக்கும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கிட் லென்ஸ், அதாவது அந்த 18-55, திணறும். 18-இல் எஃப் 3.5, 55-க்குப் போனால் எஃப் 5.6 (இந்த எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) ஏறும். 1500டி 6400 வரை போகும், இழுத்தால் 12800. நான் 1600 வரை யோசிக்காமல் போடச் சொல்வேன், 3200 வரை தேவைப்பட்டால் போடச் சொல்வேன். அதற்கு மேல் படம் சல்லடை மாதிரி ஆகிவிடும். லென்ஸில் இருக்கும் ஐஎஸ் உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். தூணுக்குப் பக்கத்தில் நடந்து போகும் பாட்டியை அது நிறுத்தி வைக்காது. அசையாத சிற்பத்தை 1/15-இல் கையில் பிடித்தே எடுக்கலாம், ஆளை எடுக்க 1/125-ஆவது வேண்டும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஆட்டோ ஐஎஸ்ஓ-வுக்கு மேல் வரம்பு வைக்கலாம், ஆனால் ஷட்டர் இதற்குக் கீழே போகாதே என்று சொல்ல வழி இல்லை. ஏவி மோடில் (எஃப் எண்ணை மட்டும் நாம் வைக்கும் மோடு) விட்டால் அது பாட்டுக்கு 1/30-க்கு இறங்கும். ஆட்கள் இருக்கும் இடத்தில் டிவி மோடு (ஷட்டர் வேகத்தை நாம் வைக்கும் மோடு) வைத்து 1/125 என்று நீங்களே கட்டிப்போடுங்கள்.

கல்யாண_கேமரா

இதற்கெல்லாம் ஒரே மருந்து 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். கேனானின் மலிவான லென்ஸ்களில் ஒன்று, 2015-இல் வந்தது. 55-இல் எஃப் 5.6 என்பதும் 50-இல் எஃப் 1.8 என்பதும் ஒப்பிட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்ச வித்தியாசம். ஐஎஸ்ஓ 6400 போட்ட இடத்தில் 800 போடலாம். சத்தமும் குறைவு.

ஆனால் 1500டி-யில் 50 என்பது 80 எம்எம் பார்வை. முகத்துக்கு அருமை. அறைக்குள் குடும்பமாக நிற்பவர்களை எடுக்க முதுகு சுவரில் இடிக்கும். அறைக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம், தோசை மாதிரி தட்டையான லென்ஸ், அதைப் பாருங்கள்.

தும்பி

ஒரு எதிர்ப்புக் குரல். திரையைப் போட்டு எடுப்பதே தப்பு என்கிற மாதிரி இங்கே பேச்சு போகிறது. நான் பூச்சிகளையும் செடிகளையும் எடுக்கிறவள். ட்ரைபாடில் வைத்து, மேனுவல் ஃபோகஸ் போட்டு, திரையில் 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் வைத்தால் வியூஃபைண்டரால் கிட்டவே வர முடியாது. அந்தச் சின்ன வியூஃபைண்டரில் கண்ணால் பார்த்து எஃப் 1.8-இல் மேனுவல் ஃபோகஸ் பிடிக்க முயன்று பாருங்கள், தெரியும். விற்பனைப் பொருட்களின் படம், சாப்பாட்டுப் படம், சிற்பத்தின் கண் இமை, இதெல்லாம் திரையில்தான். ஓடாத பொருள், நிற்கிற கேமரா என்றால் திரை நல்லது. கேமரா கையில் இருக்கும்போதுதான் சிக்கல்.

அவசரத்துக்கு குயிக் மோட் என்று ஒன்று மெனுவில் உண்டு. திரையில் இருந்துகொண்டே ஃபோகஸ் அழுத்தினால் கண்ணாடியை ஒரு நொடி இறக்கி, அடியில் இருக்கும் சென்சாரில் ஃபோகஸ் பார்த்துவிட்டு மறுபடி தூக்கும். நடுவில் திரை இருண்டு திரும்பும். வேடிக்கையாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

பழைய_ஃபிலிம்காரன்

அம்மா சொல்வது முழுக்கச் சரி. கையில் பிடித்து எடுப்பவருக்கு என்று சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

குறும்படக்காரன்

ஒரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. இந்தக் காலத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்கவே வேண்டுமா? 2023-இல் கேனான் ஆர்100 வந்துவிட்டது. கண்ணாடியே கிடையாது. திரையில் பார்த்தாலும் வியூஃபைண்டரில் பார்த்தாலும் ஒரே டூயல் பிக்சல் ஃபோகஸ்தான், கண்ணைத் தேடிப் பிடிக்கும். இங்கே பேசிய முக்கால்வாசிப் பிரச்சினை அதில் கிடையாதே.

கல்யாண_கேமரா

புதிதாகக் கடையில் வாங்குகிறவர் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். புது 1500டி-யை இன்று முழு விலைக்கு வாங்காதீர்கள். (ஆர்100-இன் திரையும் மடங்காது, தொட்டாலும் கேட்காது. 2023-இல் அப்படி ஒன்றை விற்க ஒரு துணிச்சல் வேண்டும்.) ஆனால் தங்கச்சிக்கு முன்னால் இருப்பது கைமாறி வரும் கேமரா, இரண்டு லென்ஸோடு. ஆர்100-இன் ஆர்எஃப் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் இன்னும் அவ்வளவாக வரவில்லை. இஎஃப் லென்ஸ் எந்த ஊர் ஸ்டுடியோவில் கேட்டாலும் அலமாரியில் ஒன்று இருக்கும். நாளைக்கு ஆர் வரிசைக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு இதே லென்ஸ்களை மாட்டலாம். போட்ட காசு போகாது.

லண்டன்_வெயில்

இங்கே இதையே 2000டி என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் ரெபல் டி7, ஜப்பானில் கிஸ் எக்ஸ்90. விமர்சனம் தேடும்போது எல்லாப் பெயரிலும் தேடுங்கள், கேமரா ஒன்றுதான். 3000டி என்று ஒன்று தென்பட்டால் எண் பெரிது என்று ஏமாறாதீர்கள். அது இதற்கும் கீழே. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். 1500டி-யில் உலோகம்.

காவிரிக்கரை

நல்ல வேளை சொன்னீர்கள், நானும் 3000 பெரிது என்றுதான் நினைத்திருப்பேன். எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. போய்ப் பார்க்கும்போது என்னென்ன சோதிக்க வேண்டும்? ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் இதுவரை இயங்கிய எண்ணிக்கை) 4,000தான் என்கிறார்.

பழைய_ஃபிலிம்காரன்

அந்த 4,000 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். படத்தின் ஃபைல் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்கிறார் என்றால் அதை நம்ப முடியாது. 9999-க்கு அப்புறம் மறுபடி 0001. கேனானின் இந்த வரிசையில் படத்துக்குள்ளும் அந்தக் கணக்கு எழுதப்படுவதில்லை. கேமராவைக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக இணைத்து, அதற்கென்று இருக்கும் மென்பொருளில்தான் படிக்க முடியும். நீங்கள் அதற்காக அலைய வேண்டாம். ஷட்டர் பட்டனின் பெயின்ட், ரப்பர் பிடியின் தேய்மானம், அடியில் ட்ரைபாட் துளையைச் சுற்றிய கீறல், இதையெல்லாம் பார்த்தாலே எவ்வளவு உழைத்த கேமரா என்று தெரிந்துவிடும்.

கட்டாயம் பார்க்க வேண்டியது லென்ஸ். இரண்டையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து ஃபோன் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல, பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரக் காற்றில், அதுவும் பையிலேயே மாதக்கணக்கில் கிடந்த லென்ஸில் இது சர்வ சாதாரணம். "அதிகம் பயன்படுத்தவில்லை" என்று விற்பவர் சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். ஓடிக்கொண்டே இருந்த லென்ஸில் பூஞ்சை குறைவு.

அப்புறம் சென்சார். இந்தக் கேமராவில் தூசியைத் தானாக உதறும் வசதி கிடையாது. ஏவி மோடில் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் தூசி. பெரும்பாலும் காற்றடிக்கும் ரப்பர் பந்தால் போய்விடும். வாயால் மட்டும் ஊதிவிடாதீர்கள்!

கல்யாண_கேமரா

இன்னொன்று. மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். வழக்கமாக நடுவில் பெரிய உலோகப் புள்ளி ஒன்று இருக்கும். கேனான் ஆரம்பநிலை பாடிகள் சிலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள், 200டி-க்கு அடுத்து வந்த 200டி 2-இல் அது கிடையாது. உங்கள் கையில் வரும் 1500டி-யில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் மலிவான மேனுவல் ஃபிளாஷும் பழைய ட்ரிகரும் (ஃபிளாஷை எட்ட இருந்து இயக்கும் கருவி) வேலை செய்யாது. கல்லூரி ஸ்டுடியோவில் இருக்கும் லைட்டுகளுக்கு எந்த ட்ரிகர் வைத்திருக்கிறார்கள் என்று லேபில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்டுடியோ லைட்டோடு ஷட்டர் 1/200-க்கு மேல் போகக் கூடாது, படத்தில் கருப்புப் பட்டை விழும்.

கூழைக்கடா

பேட்டரி எல்பி-இ10. ஊதியிருந்தால் வாங்காதீர்கள். இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். திரையைப் போட்டு வைத்தால் 500 படமெல்லாம் வராது.

காவிரிக்கரை

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 18-55 சுத்தம். 55-250-இல் பூஞ்சை, டார்ச் அடித்ததும் ஓரத்தில் வலை மாதிரி தெரிந்தது. அவருக்கே தெரியாது, பாவம், அதிர்ந்துவிட்டார். ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு உலோகப் புள்ளி இல்லை. லேபில் விசாரித்தேன், இருக்கும் ட்ரிகர் பழசு, இதில் வேலை செய்யாது என்று அங்கே இருக்கும் அண்ணா சொன்னார். ஆனால் ஸ்டுடியோ வகுப்புகளுக்குத் துறை கேமராதான் தருவார்களாம், அதனால் பரவாயில்லை. எஃப் 16 படத்தில் மூன்று புள்ளி. வியூஃபைண்டரில் வைத்து எடுத்தேன், டக் டக்கென்று பிடிக்கிறது! அன்றைக்கு எடுத்த கேமராதானா இது என்று இருந்தது.

பாடியும் 18-55-உம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மிச்சக் காசில் 50 எஃப் 1.8 வாங்குகிறேன் என்றேன். சம்மதித்துவிட்டார். கூழைக்கடா சார் மன்னிக்கவும்.

கூழைக்கடா

பூஞ்சை லென்ஸை நல்ல லென்ஸோடு ஒரே பையில் வைக்காமல் வந்தீர்களே, அதுவே போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். நீலமாக இருப்பது நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடலாம். பறவை ஆசை வந்தால் லென்ஸ் நான் தருகிறேன்.

நிக்கான்_கட்சி

வாழ்த்துகள். நிழலைத் தூக்காதீர்கள்.

காவிரிக்கரை

ஹாஹா, சரி சார். கடைசியாக ஒரே ஒரு கேள்வி. ரா-வில் எடுக்கவா, ஜேபெக்கிலா? எந்த மெமரி கார்டு? லேப்டாப் கொஞ்சம் பழசு.

தும்பி

செய்முறை மதிப்பெண்ணுக்கு என்றால் ரா + ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுங்கள். ஜேபெக்கை உடனே சமர்ப்பிக்கலாம், நன்றாக வந்த ஒன்றிரண்டை மட்டும் ராவில் உட்கார்ந்து திருத்தலாம். பழைய லேப்டாப்பும் அதைத் தாங்கும். 64 ஜிபி கார்டு ஒன்றுக்குப் பதில் 32 ஜிபி இரண்டு வாங்குங்கள், ஒன்று சதி செய்தால் இன்னொன்று இருக்கும். இந்தக் கேமராவுக்கு அதிவேகக் கார்டு வாங்கிப் பயனில்லை, கிளாஸ் 10 போதும். பிரின்ட் போடுவதானால் 6000 x 4000 பிக்சல் இருக்கிறது, 12க்கு 18 அங்குலம் வரை தயங்காமல் போடலாம்.